கண்மாயை லேக் என்பதா, ரிசர்வாயர் என்பதா?

சிவகங்கைப் பக்கம் உங்கள் ஊரையும் சுற்றியுள்ள கிராமங்களையும், யாரும் சேர்ந்து வரையக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்துகொண்டிருக்கிறீர்கள். ஊரில் கண்மாய், ஊருணி, ஏந்தல், வரத்துக்கால், ஓடை என்று வழங்குவதையெல்லாம் அந்த வரைபடத்தின் லேக், பாண்ட், ரிசர்வாயர், ஸ்ட்ரீம், கனால் போன்ற வகைகளில் எதில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்டில் பாதிக்கு மேல் வறண்டு கிடப்பதை நீல நிறத்தில் நிரப்பலாமா என்ற சந்தேகத்தையும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொல்லுக்கு இந்த வகை என்று ஒரு பட்டியலை எதிர்பார்த்திருப்பீர்கள். பட்டியல் கொடுத்தால் அது உங்கள் தாலுகாவோடு நின்றுவிடும். பக்கத்து மாவட்டத்தில் கால் வைத்ததும் பொய்யாகிவிடும். எதைப் பார்த்து வகை பிரிப்பது என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

பாசன வேலைகளுக்காக நிலவரைபடம் தயாரிப்பதில் பல ஆண்டுகள் கழித்தவன் நான். அந்தப் பழக்கத்தில் எனக்கு ஊறிப்போன ஒரு முறை உண்டு. ஊர் என்ன பெயர் சொல்கிறது, கட்டுமானம் எப்படி இருக்கிறது, தண்ணீர் எந்த மாதங்களில் நிற்கிறது என்ற மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகக் குறித்துக்கொள்வேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலும் இவை மூன்றுக்கும் தனித்தனி டேக், அதாவது வரைந்ததோடு ஒட்டிவைக்கும் விவரக்குறிப்பு, இருக்கிறது. மூன்றையும் ஒரே டேக்கில் திணிக்கும்போதுதான் நீங்கள் சொல்லும் குழப்பம் வருகிறது.

பெயரை வைத்து வகை பிரிக்க முடியாது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் ஏரி என்பதை உங்கள் பகுதியிலும் மதுரை, ராமநாதபுரத்திலும் கண்மாய் என்கிறார்கள். அதையே திருநெல்வேலியிலும் கன்னியாகுமரியிலும் கோயம்புத்தூரிலும் குளம் என்கிறார்கள். இலங்கையின் வன்னிப் பகுதியில் இரணைமடு, வவுனிக்குளம் போன்ற பெரும் நீர்த்தேக்கங்களும் குளங்கள்தான். தஞ்சாவூர்க்காரரிடம் குளம் என்றால் படித்துறையோடு கூடிய, குளிக்கும் இடம் ஒன்றுதான் அவர் மனத்தில் வரும். பழவேற்காடு ஏரியோ ஏரியே அல்ல. கடலோடு வாய் திறந்திருக்கும் உப்பங்கழி. தஞ்சாவூரில் ‘புது ஆறு’ என்று அழைக்கப்படுவது மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய். எனவே பெயருக்கான டேக்கில் ஊர்க்காரர்கள் சொல்வதை அப்படியே, கண்மாய் என்ற சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள். அதை ஏரி என்று ‘திருத்தி’ எழுதும் அன்பர்கள் சிலர் இருக்கிறார்கள். அந்தத் திருத்தத்தைத் தயங்காமல் பழையபடி மாற்றிவிடலாம்.

அடுத்து அமைப்பு. உங்கள் கண்மாயின் கரைமேல் ஒரு முறை முழுதாக நடந்து பாருங்கள். பள்ளமான பக்கத்தில் பிறை வடிவில் மண்கரை இருக்கும். மேடான பக்கம் திறந்து கிடக்கும்; அந்த வழியாகத்தான் மழைநீரும் வரத்துக்காலும் உள்ளே வருகின்றன. கரையில் ஒன்றோ பலவோ மடைகள் இருக்கும். அவற்றின் வழியே ஆயக்கட்டுக்கு, அதாவது அந்தக் கண்மாயில் பாசனம் பெறும் வயல்களுக்கு, தண்ணீர் போகும். கரையின் ஓரிடத்தில், பெரும்பாலும் ஒரு முனையில், கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டிய கலுங்கு இருக்கும். நிரம்பினால் மிச்சம் அங்கே வழியும். கரை, மடை, கலுங்கு இம்மூன்றும் இருந்தால் அது தண்ணீரைத் தேக்கி வைத்துத் திறந்துவிடும் கட்டுமானம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வகைகளில் அது ரிசர்வாயர். ஊர் அதை ஏரி என்றாலும் கண்மாய் என்றாலும் ஏந்தல், தாங்கல் என்றாலும் விடை மாறாது. சிறியதாக இருக்கிறதே என்று பாண்ட் ஆக்க வேண்டாம். ரிசர்வாயர் என்பதற்கு அளவு ஒரு நிபந்தனை அல்ல.

லேக் என்ற வகையைத் தமிழ்நாட்டின் உட்பகுதியில் நான் மிக அரிதாகவே பயன்படுத்துகிறேன். இயற்கையானவை என்று பலரும் நம்பும் மலை ஏரிகளும் மனிதர் ஆக்கியவைதான். உதகை ஏரி கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கியது. கொடைக்கானல் ஏரி 1863-இல் ஓடையைத் தடுத்து அணை கட்டியதால் வந்தது. வீராணம் ஏரி கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் பெற்று, பாசனத்துக்கும் சென்னைக் குடிநீருக்கும் கொடுக்கிறது; நீர்த்தேக்கத்துக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. எனினும் வரைபடத்தில் பல ஏரிகள் லேக் என்றே கிடக்கின்றன. பெயரைப் பார்த்துப் போட்டவர்களின் வேலை அது.

பாசனத் துறையின் வகைப்பாடு ஒன்றும் உங்கள் காதில் விழும். 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு என்பது அது. ஆற்று நீரோ அணை நீரோ வந்து சேர்வது ஒரு வகை, மழையை மட்டும் நம்பியிருக்கும் மானாவாரிக் கண்மாய் இன்னொரு வகை என்று பிரிப்பதும் உண்டு. இவை பராமரிப்புக்கும் நீர்ப் பங்கீட்டுக்கும் உரிய பிரிவுகள். யார் பராமரிக்கிறார்கள் என்பதை ஆபரேட்டர் டேக்கில் எழுதலாம். நீர்நிலையின் வகையை இவை மாற்றுவதில்லை.

ஊருணிக்கு வருவோம். ஊருணியில் பாசன மடை இருக்காது. தோண்டிய பள்ளம், நான்கு பக்கமும் கரையோ சுவரோ, தண்ணீர் மொள்ள இறங்கும் படித்துறை, வரும் நீரில் குப்பை சேராமல் தடுக்க ஒரு கம்பி வலை அல்லது வண்டல் தொட்டி. இதை பாண்ட் என்று போடுகிறேன். மாடு குளிப்பாட்டும் குட்டையும் அதே வகைதான். தெப்பக்குளத்தில்தான் வரைபடக்காரர்களிடையே ஒருமித்த வழக்கம் இல்லை. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு வைகையிலிருந்து தண்ணீர் வருகிறது. சுற்றிலும் கல் கட்டுமானம், நடுவில் மண்டபம். சிலர் அதை ரிசர்வாயர் என்கிறார்கள், சிலர் பாண்ட் என்கிறார்கள். தேக்கி வைத்துத் திறந்துவிடும் வேலை அதற்கு இல்லை என்பதால் நான் பாண்ட் பக்கம் நிற்கிறேன். சுவரையும் மண்டபத்தையும் தனியே வரைந்துவிட்டால், பிற்பாடு யார் எந்த வகையை மாற்றினாலும் தகவல் தொலையாது.

கண்மாயின் எல்லையை எங்கே வரைவது என்பது, நீங்கள் கேட்காவிட்டாலும், அடுத்த வாரமே உங்களைப் படுத்தப்போகும் சிக்கல். செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் தெரியும் இடத்தைச் சுற்றி வரையாதீர்கள். அது படம் எடுத்த நாளின் நீரளவு, அவ்வளவுதான். கலுங்கின் தலைமட்டம் எந்த உயரமோ அந்த உயரம் வரைதான் கண்மாயில் தண்ணீர் நிற்க முடியும். அந்த முழு நீர்மட்டக் கோடுதான் எல்லை. கரைப் பக்கத்தில் பிரச்சினை இல்லை, கரையின் உள்ளோரமே எல்லை. திறந்திருக்கும் உள்வாய்ப் பக்கத்தில்தான் தடுமாறுவோம். அங்கே கோடையில் வெள்ளரி போட்டிருப்பார்கள், ஆடு மேயும், சீமைக்கருவேலம் காடாக மண்டியிருக்கும்; மேலிருந்து பார்த்தால் நிலம் என்றே தோன்றும். நகரத்தை ஒட்டிய ஏரிகளிலோ ஆகாயத்தாமரை மூடி, நீர்ப்பரப்பு புல்வெளியாகத் தெரியும்.

இதற்கு ஒரே படத்தை நம்பாமல் பல மாதப் படங்களைப் பார்ப்பதுதான் வழி. சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன, 10 மீட்டர் துல்லியத்தில். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து, டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ மேகமில்லாத ஒரு நாளின் படத்தை எடுங்கள். பச்சை ஒளிப்பட்டையையும் அண்மை அகச்சிவப்புப் பட்டையையும் ஒப்பிட்டுத் தண்ணீரைப் பிரித்துக்காட்டும் குறியீடு ஒன்று உண்டு. அதைப் போட்டால் விளிம்பு ஓரளவு தெளியும். ஓரளவுதான். கருவேலம் அடியில் நிற்கும் தண்ணீரை அந்தக் குறியீடு காட்டாது. ஒரு சிறு கண்மாய்க்கு 10 மீட்டர் என்பதும் பெரிய தடிமன்தான். அங்கே கரையில் நிற்கும் பெரியவர் ஒருவரிடம் “நிறைஞ்சா தண்ணி எதுவரைக்கும் வரும்?” என்று கேட்பதற்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை.

இனி ஓடும் நீர். இதில் முதல் பிரிவு தானாக ஓடுவது, வெட்டி ஓடவிட்டது என்பதுதான். தானாக ஓடுவதில் ரிவர், ஸ்ட்ரீம் இரண்டையும் பிரிக்க ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு நாட்டுப்புற அளவுகோல் இருக்கிறது: திடகாத்திரமான ஒருவர் தாண்டிக் குதிக்க முடிந்தால் ஸ்ட்ரீம், முடியாவிட்டால் ரிவர். குளிர்நாட்டு ஓடைகளை மனத்தில் வைத்து எழுதிய விதி. நம் ஊரில் மே மாதத்தில் பாலாற்றில் தாண்டுவதற்கே எதுவும் இருக்காது. மணலில் நடந்து கடக்கலாம். அதனால் நீரின் அகலத்தைப் பார்க்காமல் இரு கரைகளுக்கு நடுவே உள்ள அகலத்தைப் பாருங்கள். அப்படியும் உங்கள் பகுதி ஓடைகளில் பாதி இரண்டுக்கும் இடையில் விழும். அங்கே கிளைகள் எத்தனை சேர்ந்திருக்கின்றன, ஊர் அதை ஆறு என்கிறதா ஓடை என்கிறதா, பாலம் கட்டியிருக்கிறார்களா வெறும் குழாய் பதித்திருக்கிறார்களா என்று பார்த்து ஒரு முடிவுக்கு வர வேண்டியதுதான். இருவர் வரைந்தால் இருவிதமாக வரும். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

வரத்துக்கால் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, ஏனென்றால் அது இரண்டு வகையாகவும் இருக்கும். மழைநீர் தானாகத் தேடிக்கொண்ட ஓடையே சில கண்மாய்களுக்கு வரத்துக்காலாக அமைந்திருக்கும். வேறு சிலவற்றுக்கு ஆற்றிலோ ஓடையிலோ தடுப்பு கட்டி, வெட்டிக் கொண்டுவந்திருப்பார்கள். பிரித்தறிய நிலத்தின் சரிவைப் பாருங்கள். இயற்கை ஓடை எப்போதும் பள்ளத்தின் அடிமட்டத்தில்தான் ஓடும். இரு பக்க நிலமும் அதை நோக்கிச் சரியும். வளைந்து நெளிந்து போகும். வழியில் சிற்றோடைகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். வெட்டிய கால் அப்படிப் போகாது. உயரத்தை இழக்காமல் இருக்கச் சரிவின் பக்கவாட்டில், சமவுயரக் கோட்டை அனுசரித்துப் போகும். ஒரு பக்கம் வயல் அதைவிடத் தாழ்வாக இருக்கும். தோண்டிய மண் கரையாகக் குவிந்திருக்கும். இயற்கை என்றால் ஸ்ட்ரீம். வெட்டியது பெரியதாக இருந்தால் கனால். மடையிலிருந்து வயலுக்குப் போகும் சிறு வாய்க்கால் என்றால் டிட்ச். கனாலுக்கும் டிட்சுக்கும் நடுவே இத்தனை மீட்டர் என்று உறுதியான எல்லைக்கோடு கிடையாது. நான் ஒரு பாசன அமைப்பின் முதன்மைக் காலையும் அதன் பெரிய கிளைகளையும் கனால் என்றும், மிச்சத்தை டிட்ச் என்றும் போடுகிறேன்.

பாதி ஓடை, பாதி வெட்டு என்று ஆகிவிட்ட வரத்துக்கால்களும் உண்டு. இயற்கை ஓடையையே நேராக்கி ஆழப்படுத்தியிருப்பார்கள். பள்ளத்தின் அடியில்தான் போகிறது என்றால் எத்தனை முறை தூர்வாரி இருந்தாலும் அதை ஸ்ட்ரீம் என்றே வைத்துக்கொள்கிறேன். இது என் தீர்ப்பு. மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

காவிரி டெல்டாவில் இந்த அளவுகோலே ஆட்டம் காணும். அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு எல்லாம் காவிரியின் கிளை ஆறுகள். அவை பிரியும் தலைப்பில் ரெகுலேட்டர் என்னும் நீரளவைக் கட்டுப்படுத்தும் மதகு கட்டி, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். நடத்தையில் அவை கால்வாய்கள், பிறப்பில் ஆறுகள். நான் ரிவர் என்று விட்டுவிட்டு ரெகுலேட்டரைத் தனிப் புள்ளியாகக் குறிப்பேன். அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களைப் பாசனத் துறையில் ஏ, பி, சி, டி என்று வரிசைப்படுத்துவார்கள்: ஆற்றிலிருந்து நேரே பிரிவது ஏ, அதிலிருந்து பிரிவது பி, இப்படி. கனால், டிட்ச் என்று பிரிக்க இந்த வரிசை கைகொடுக்கும். தண்ணீர் கொண்டுவருவது வாய்க்கால், மிச்ச நீரை வெளியேற்றுவது வடிகால் என்பது டெல்டா விவசாயிக்குக் குழப்பமில்லாத பிரிவுதான். ஆனால் கீழ் டெல்டாவில் மேலே உள்ள வயலின் வடிகாலே கீழே உள்ளவனுக்குப் பாசன வாய்க்காலாகிவிடும். அங்கே உபயோக டேக்கில் இரண்டையும் எழுதிவிட்டு நகர்வதே மேல்.

நகரங்களில் டிரெய்ன் என்ற வகை தேவைப்படும்: மழைநீரையும் கழிவையும் வெளியேற்றக் கட்டிய, பெரும்பாலும் கான்கிரீட் பூசிய கால். ஆனால் சென்னையின் ‘ஓட்டேரி நல்லா’ என்னும் ஓடை போன்றவை சுவர் எழுப்பப்பட்ட பழைய நீரோட்டங்கள். பக்கிங்காம் கால்வாய் படகுப் போக்குவரத்துக்கு வெட்டியது; கனால் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வரைகோட்டை நீரோடும் திசையில் வரைய வேண்டும் என்ற விதி அங்கே உதவாது, கடலின் ஏற்றவற்றத்தோடு நீர் இப்படியும் அப்படியும் போகும்.

அந்தத் திசை விதி உங்கள் ஊரில் மிக முக்கியம். ஓடும் நீரைக் குறிக்கும் ஒவ்வொரு கோட்டையும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரைய வேண்டும். கோடுகள் ஒன்றோடொன்று முனை சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் கண்மாய்கள் சங்கிலியாக இருப்பவை. ஒன்றின் கலுங்கு நீர் அடுத்ததன் வரத்து. ஆகவே கண்மாயின் கரையோடு கோட்டை நிறுத்தாமல், வரத்திலிருந்து கண்மாய்க்குள் கலுங்கு வரை கோட்டை ஓட்டுங்கள். சாலையைக் கடக்கும் இடத்தில் குழாய்ப்பாலம் என்று குறியுங்கள். இப்படி இணைத்தால்தான் வெள்ள காலத்தில் எந்தக் கண்மாய் உடைந்தால் அடுத்து எது என்று ஒருவர் கணினியில் தேடிப் பார்க்க முடியும். வைகையே அப்படித்தான் முடிகிறது: ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேர்ந்து, அது நிரம்பிய பிறகே மிச்சம் கடலுக்குப் போகிறது. கண்மாயின் விளிம்போடு கோட்டை வெட்டிவிட்டால் வைகை கடலைப் பார்க்காத ஆறாகிவிடும்.

வறட்சி பற்றிய உங்கள் கடைசி வரிக்கு இப்போது பதில் எளிது. வறண்டாலும் கண்மாய் கண்மாய்தான். நீர்நிலை என்றே வரையுங்கள், இடைவிட்டு நீர் வருவது என்ற இன்டர்மிட்டன்ட் டேக்கைச் சேருங்கள். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் தவறாமல் நிரம்புவது என்றால் பருவத்துக்கான சீசனல் டேக்கையும் சேர்க்கலாம். சில ஆண்டுகள் நிரம்பாமலே போகும் கண்மாய்க்கு இரண்டாவது டேக் வேண்டாம். இது புது யோசனையும் அல்ல. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்களில் நீர் வற்றாத ஓடை நீலத்திலும் வற்றும் ஓடை கறுப்பிலும் அச்சாகின்றன. ஓடை எங்கே போகிறது என்பது ஒரு தகவல், அதில் நீர் இருக்கிறதா என்பது இன்னொரு தகவல் என்று அந்தத் தாள்களை வரைந்தவர்களும் பிரித்துத்தான் வைத்தார்கள். ஆனால் அந்தத் தாள்களையோ கூகுள் வரைபடத்தையோ பார்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நகலெடுக்காதீர்கள். உரிமம் தெளிவாக அனுமதிக்கும் மூலங்களும் உங்கள் சொந்தக் கண்ணும் மட்டுமே அங்கே செல்லும்.

இந்த வரைபடம் எதைச் சொல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீர்நிலைப் புறம்போக்கின் சட்டப்படியான எல்லை வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டிலும், புல எண்ணுக்குரிய அளவைப் படமான புலப்படத்திலும் இருக்கிறது. முழு நீர்மட்டக் கோடு அதோடு பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. ஆக்கிரமிப்புத் தகராறுகளில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைச் சான்றாகக் காட்ட யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அதே காரணத்தால், உழுது வயலாக்கிவிட்ட வரத்துக்காலை ‘ஒரு காலத்தில் இருந்ததே’ என்று வரையக் கூடாது. ஆனால் சாலைக்கு அடியில் ஒரு பழைய குழாய்ப்பாலம் மட்டும் அநாதையாக நின்று, அதற்கு மேலும் கீழும் பள்ளத்தின் சாடை இன்னும் தெரிந்தால், மழை நாளில் போய்ப் பாருங்கள். தண்ணீர் இன்னும் அந்த வழியே வருகிறது என்றால் கோடு போடலாம். வரவில்லை என்றால் குழாய்ப்பாலத்தை மட்டும் குறித்துவிட்டு விடுங்கள். நீங்கள் குறிப்பிட்ட அந்த ஏந்தலுக்குக் கலுங்கு இருக்கிறதா, அதன் உபரிநீர் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பதை எழுதினால், அந்தச் சங்கிலியை எங்கிருந்து வரையத் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.